முதல் போன் யாருக்கு

கொட்டகலை ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலை மலையின் இடுப்பில், பழைய உத்தியோகத்தர் வீடு ஒன்றைத் திருத்திக் கட்டிய முதியோர் இல்லம் இருக்கிறது. ரயிலில் போகிறவர்களுக்கு இல்லம் தெரியாது. கூரைக்கு மேல் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கிதான் தெரியும். அதில் மஞ்சள் பெயின்டில் 'உபயம்: ம. வீரபத்திரன்' என்று எழுதியிருக்கிறது. இல்லத்தின் பெயர் கேட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கிறது. முருகன் படம் அதைவிடச் சின்னது. இதில் தவறு ஒன்றும் இல்லை. தாங்கி கொடுத்தவர் முருகன் இல்லையே.

வீரபத்திரன் கொத்மலைப் பக்கத்துத் தோட்ட லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மீசை அரும்புவதற்கு ரொம்ப முன்னாலேயே அட்டன் பஜாரில் தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் கழுவப் போனவர். அப்புறம் லொறிக்குக் கிளீனர், டிரைவர், கடைசியில் முதலாளி. ராகலை லீக்சும் கரட்டும் அவர் லொறி ஏறாமல் கொழும்பைப் பார்த்ததில்லை என்று அவரே சொல்வார். கையெழுத்து இங்கிலீசில் போடுவார். எழுதினதை வாசிக்கச் சொல்லக் கூடாது. "படிச்சவன் ரோட்ட மேப்புல பாத்தான். நான் ரோட்டுலயே பாத்தேன்" என்பார். மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? மூத்த மகன் கனடாவில், இளையவன் கொழும்பில் கண்ணாடி போட்ட ஆபீசில். இரண்டு பேரையும் ஆளாக்கியது அந்த லொறி. இந்தக் காலத்துப் பிள்ளைகளை வங்கிக் கடன் வளர்க்கிறது; அவர் பிள்ளைகளை முட்டைக்கோசு வளர்த்தது.

மனைவி போன பிறகு, தாங்கியைச் சரியாகப் பொருத்துகிறார்களா என்று பார்க்க இல்லத்துக்கு வந்தார். பார்த்தார். மழை பிடித்துக்கொண்டது. ஒரு அறையில் தங்கினார். மழை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது, அவர் இன்னும் தாங்கியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தான் இல்லத்தில் 'இருக்கிறவர்' இல்லை, இல்லத்தை 'மேற்பார்வை பண்ணுகிறவர்' என்பது அவர் கட்சி. சாப்பாட்டுக்கு ஆள் எண்ணும்போது நர்ஸ் நிலக்ஷி அவரையும் சேர்த்து எண்ணுவாள். அவர் எண்ணினால் தன்னை விட்டுவிட்டு எண்ணுவார். அதனால் அந்த வீட்டில் தினமும் ஒரு தட்டு கணக்குக்கு வராமல் நின்றது.

நிலக்ஷி ராகலைப் பிள்ளை. கண்டியில் படித்து சேர்ட்டிபிக்கட் வாங்கியவள். இல்லத்தில் யாருக்காவது உடம்பில் ஒரு மாற்றம் என்றால் வீட்டாருக்குத் தெரிவிப்பது அவள் பொறுப்பு. அதை அவள் படித்தபடியே செய்வாள். "ப்ரெஷர் கொறைஞ்சிருக்குங்க. ஒட்சிசன் எண்பத்தெட்டு காட்டுது. கால் வீக்கம் கூடியிருக்கு." அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்: "சரிங்க மிஸ். கவனமா பாத்துக்குங்க மிஸ்." அவ்வளவுதான். நம்பர் கேட்டதும் பிள்ளைகளுக்கு மனசு குளிர்ந்துவிடும். மெஷின் பார்க்கிறது, மிஸ் பார்க்கிறாள், நாம் வேறு எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும்?

"நீ டாக்டர் பாஷையில பேசுற புள்ள" என்று வீரபத்திரன் குறை சொல்வார். "சனங்க எண்பத்தெட்டுன்னா பரீட்சையில நல்ல மார்க்குன்னு நெனைப்பாங்க."

"அப்ப நான் என்னாதான் சொல்றதுங்கையா?"

"போன என்கிட்ட குடு. லொறி இன்ஜினுக்கு மேல பேசிப் பழகுன தொண்ட இது."

அவள் கொடுப்பதில்லை. 'ஐயா' என்று கூப்பிடுவாளே தவிர, அவர் எதிர்பார்க்கிற 'மொதலாளி' அவள் வாயில் வந்ததில்லை.

இந்த நேரத்தில்தான் அன்னம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

அன்னம்மா ராகலைப் பக்கம் பிறந்து, கொட்டகலையில் வாழ்க்கைப்பட்டு, காலமெல்லாம் கொழுந்து எடுத்த மனுஷி. மலை ஏறி ஏறி முழங்கால் போனதே தவிர நாக்கு போகவில்லை. காலையில் எண்ணெய் வைத்துத் தலை சீவி முடிந்துவிட்டால்தான் வாயில் பால் இல்லாத பிளேன்டி வைப்பாள். விடியலில் பெரட்டுக்கு, பேர் கொடுக்கப் போகிற காலத்துப் பழக்கம். "கலைஞ்ச தலையோட கங்காணி மொகத்துல முழிக்கப்படாது" என்பாள். கங்காணி செத்து எத்தனையோ காலம் ஆகியும், அவன் முகத்துக்காக நிலக்ஷி தினமும் சீப்பைத் தூக்க வேண்டியிருந்தது.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் யோகேஸ்வரன், அட்டனில் ஹாட்வெயார் கடை, கோயில் கமிட்டித் தலைவர். நடுவில் பூரணி, கொத்மலையில் வாழ்கிறாள். இளையவன் விஜேந்திரன், கொழும்பில் போன் கடை. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. யோகேஸ்வரன் மகள் கல்யாணக் கார்டில், விஜேந்திரன் பெயர் சம்பந்தி வீட்டு மச்சானின் பெயருக்குக் கீழே வந்துவிட்டது. ஒரு வரி கீழே. அந்த ஒரு வரியில் விஜேந்திரன் விழுந்தவன் இன்னும் எழும்பவில்லை. பூரணி நடுநிலை. நடுநிலை என்றால் இரண்டு பேர் வீட்டுக்கும் போவதில்லை. அம்மாவைப் பார்க்க வந்தால் யாராவது ஒருத்தர் பக்கம் சாய்ந்த மாதிரி ஆகும் என்று அங்கேயும் வருவதில்லை.

ஆனாலும் குடும்பத்துக்கு ஒரு வட்ஸ்அப் குரூப் உண்டு. நிலக்ஷி 'அம்மா இன்று சாப்பிடவில்லை' என்று போட்டாள். ஒருவர் கும்பிடுகிற கையைப் போட்டார். ஒருவர் ரோஜாப்பூ போட்டார். பேரப்பிள்ளை ஒன்று 'விரைவில் நலம் பெறுக' என்று மின்னுகிற எழுத்தில் போட்டது. சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டுக் கிடந்த கிழவிக்கு அன்றைக்கு ஒரு பூக்கடையே வந்து சேர்ந்தது.

டவுனிலிருந்து வந்த டாக்டர், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு நிலக்ஷியைத் தனியாகக் கூப்பிட்டார். "ஹார்ட் ரொம்ப வீக். மாத்திரை மாத்தியிருக்கேன். ஆனா புள்ளைங்கள வந்து பாக்கச் சொல்லுங்க."

தனியாகச் சொன்னதை அன்னம்மா கேட்டுவிட்டாள். காதும் போகவில்லை.

"ஏன் லொறிக்காரரே" என்று வீரபத்திரனைக் கூப்பிட்டாள். அவரை அப்படிக் கூப்பிடுகிற தைரியம் அந்த வீட்டில் அவளுக்குத்தான் இருந்தது. "ஊர் ஒலகமெல்லாம் ஒங்களுக்கு ஆளு இருக்குன்னு பீத்திக்கிறீங்களே. எம் மூணு புள்ளையும் ஒரே நேரத்துல, ஒரே எடத்துல, எங் கண்ணு முன்னால ஒக்காரணும். பேச வேணாம். சும்மா ஒக்காந்தா போதும். அத பாத்துட்டா நான் பாட்டுக்குப் போயிருவேன். முடியுமா ஒங்களால?"

நிலக்ஷி முதலில் முறைப்படி மூன்று பேருக்கும் போன் போட்டாள். வீரபத்திரன் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்டார்.

யோகேஸ்வரன் சொன்னான்: "தம்பிக்குச் சொன்னீங்களா? அவன் வர்றானான்னு கேட்டுச் சொல்லுங்க மிஸ். அவன் வர்ற நேரத்துல நான் வந்து, வம்பு வேணாம்."

விஜேந்திரன் சொன்னான்: "பெரியவருக்கு மொதல்ல சொல்லிட்டுத்தானே எனக்குப் போடுறீங்க? அப்ப பெரியவரே பாத்துக்கட்டும்."

பூரணி சொன்னாள்: "ஆம்பளப் புள்ளைங்க ரெண்டு பேரு மலை மாதிரி இருக்காங்க. அவங்க வராம நான் மொதல்ல வந்து நின்னா நாலு பேரு என்னா பேசுவாங்க?"

நிலக்ஷி போனை வைத்தாள். வீரபத்திரன் எழுந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நான் போன் போட்டு வராத மனுசன் இன்னும் பொறக்கல. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள மூணு பேரும் இந்த வாசல்ல நிப்பாங்க. நிக்கலன்னா, அந்தத் தாங்கியில இருக்கற பேர நானே ஏறிச் சொரண்டுறேன்."

"ஐயா, அதெல்லாம் வேணாங்கையா. ஏணி வழுக்கும்."

"ஏறப் போறதில்ல புள்ள. அவனுங்க வரப் போறானுங்க."

அவர் யோசித்தார். முன்னால் இழுத்து வராத லொறியைப் பின்னாலிருந்து தள்ள வேண்டும். பிள்ளைகள் வரவில்லை என்றால் அவர்களுக்கு மேலே இருக்கிறவரைப் பிடிக்க வேண்டும். அப்போதுதான், சின்ன வயசில் லயத்தில் கேட்ட ஒரு பேச்சு அவருக்கு ஞாபகம் வந்தது. பொம்பளை விஷயம் என்றால் முதல் சேதி பொறந்த வீட்டுக்குப் போக வேண்டும். அதுதான் முறை. படித்த பிள்ளைக்கு இது எங்கே தெரியும்? கண்டியில் சொல்லிக் கொடுத்திருப்பார்களா?

அன்னம்மாவின் கூடப் பிறந்த தம்பி சிவசாமி ராகலையில் இருந்தார். வயசானவர், ஆனால் குடும்பத்துக்கு மாமன். வீரபத்திரன் தன் சொந்தப் போனிலிருந்து அவருக்குப் போட்டார்.

"அண்ணே, நான் கொட்டகலை இல்லத்துல இருந்து வீரபத்திரன் பேசுறேன். அக்கா விஷயமா. பொறந்த வீட்டுக்குத்தானே மொதல்ல சொல்லணும். அதான் ஒங்களுக்கு மொதல்ல போடுறேன். காலைலயே கெளம்பி வந்துருங்க."

சிவசாமி மெதுவாகக் கேட்டார்: "புள்ளைங்களுக்கு?"

"நான் இன்னும் போடல. நீங்கதான் மொதல்."

"சரிங்க. நான் சொல்லிக்கிறேன்."

வீரபத்திரன் போனை மடியில் செருகிக்கொண்டு நிலக்ஷியைப் பார்த்தார். "பாத்தியா? அக்காவுக்கு என்னான்னு ஒரு கேள்வி கேட்டாரா? அதுக்குப் பேருதான் முறை."

கேள்வி கேட்காததற்குக் காரணம் வேறு. பொறந்த வீட்டுக்கு முதலில் சேதி போவது பொம்பளை சீக்காகக் கிடக்கும்போது இல்லை. போய்ச் சேர்ந்த பிறகு. சீக்கு என்றால் மூத்த மகனுக்குச் சொல்வார்கள். மூச்சு நின்றால்தான் கூடப் பிறந்தவனுக்கு. அவன் பொறந்த வீட்டுக் கோடி என்று புதுச் சீலை கொண்டுவந்து போர்த்தாமல் பிரேதம் எழும்பாது. இதனால்தான் மலையில் யாரும் 'செத்துட்டாங்க' என்ற வார்த்தையையே வாயில் எடுப்பதில்லை. யாருக்கு முதலில் சொன்னார்கள் என்பதே போதும். வீரபத்திரனுக்கு முறை என்று ஒன்று இருப்பது வரைக்கும் தெரியும். அது எதற்கு என்று தெரிந்துகொள்கிற வயசில் அவர் அட்டனில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். சொந்தக் காலில் நிற்கப் போனவனுக்கு இப்படிச் சில பாடம் பாதியில் நின்றுவிடும். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியுமா?

சிவசாமி மருமக்கள் மூன்று பேருக்கும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இல்லத்துல இருந்து எனக்கு மொதல்ல சொல்லிட்டாங்கப்பா." மூன்று வீட்டிலும் ஒப்பாரி எழுந்தது.

மறுநாள் நல்ல வெயில். மாத்திரை மாற்றியது வேலை செய்ததோ, மூன்று பிள்ளைகளும் வருவார்கள் என்று வீரபத்திரன் அடித்துச் சொன்னது வேலை செய்ததோ, அன்னம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். விறாந்தையில் கதிரை போட்டு, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, நிலக்ஷியிடம் தலையைக் கொடுத்திருந்தாள்.

அப்போது ஒரு லொறி வந்து கேட்டில் நின்றது. யோகேஸ்வரன் கடை லொறி, முன்சீட்டில் அழுதபடி அவனே. அதிலிருந்து தகரம், கம்பு, பிளாஸ்டிக் கதிரை எல்லாம் இறங்கின. பஜாரிலிருந்து மேலே ஏறுகிற ரோடு முழுக்க ஏற்கனவே சாவுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடி கட்டியாகிவிட்டது. இரண்டு பேர் ஒரு பெரிய பெனரை விரித்து கேட்டில் கட்டத் தொடங்கினார்கள். 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் அன்னம்மா. கீழே யோகேஸ்வரன் பெயர், கமிட்டிப் பட்டங்களோடு. விஜேந்திரன் பெயர் தேடினால் கிடைக்கிற அளவில்.

அவர்கள் முடிச்சுப் போடுவதற்குள் கொழும்பு வேன் வந்தது. விஜேந்திரன் இறங்கினான். அவன் கையிலும் ஒரு பெனர். அதில் யோகேஸ்வரன் பெயர் தேடினாலும் கிடைக்காது. இரண்டு பெனரும் ஒரே கேட்டுக்கு வந்ததால், அம்மாவுக்காக அழுதுகொண்டிருந்த இரண்டு பேரும் அழுகையை நிறுத்திவிட்டு கேட்டுக்காக முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

பின்னால் வந்த ஆட்டோவிலிருந்து பூரணி இறங்கினாள். இறங்கும்போதே தலையை அவிழ்த்துவிட்டாள். "என்னப் பெத்த மகராசி! ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியே! எம் மொகத்த பாக்காம போயிட்டியே!"

விறாந்தையிலிருந்து சத்தம் வந்தது. "யாருடி அது கத்துறது? பூரணியா? நாந்தான் இங்க இருக்கேனே. செருப்ப கழட்டிட்டு உள்ள வா. தலைய முடிஞ்சிக்க, பைத்தியக்காரி மாதிரி."

பூரணி பாதி ஒப்பாரியில் வாயைத் திறந்தபடி நின்றாள். பெனர் கட்டியவன் ஏணியிலிருந்து கால் தவறி இறங்கினான்.

அன்னம்மா கண்ணைச் சுருக்கி கேட்டைப் பார்த்தாள். "அந்தப் போட்டோவா கெடச்சிது ஒங்களுக்கு? ஐடென்டி கார்டுக்குப் புடிச்சது. திருடி மாதிரி இருக்கேன். யோகேசு, எம் பேருக்கு முன்னால என்னாடா எழுதியிருக்கு?"

யோகேஸ்வரன் பெனரைத் திரும்பிப் பார்த்தான். "'அமரர்'னு எழுதியிருக்கும்மா."

"நல்லா இருக்கு. நீங்க கூட்டியாந்து இங்க விட்டப்பவே அத எழுதியிருக்கலாமே."

அந்தச் சமயம் சிவசாமி பஸ்ஸை விட்டு இறங்கி, சிலிசிலி பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். அக்காவைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு வீரபத்திரனைப் பார்த்தார்.

"யோவ்! என்னாய்யா வேல பாத்திருக்கீங்க?"

"நான் செத்துட்டாங்கன்னு சொன்னனா அண்ணே? ஒரு வார்த்த சொன்னனா? நீங்களே சொல்லுங்க."

"பொறந்த வீட்டுக்கு மொதல்ல சொன்னா அதுக்கு வேற என்னாய்யா அர்த்தம்? ஒங்களுக்கு யாரு முறை சொல்லிக் குடுத்தது? கரட்டு மூட்டையா?"

மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் அவர் மேல் பாய்ந்தார்கள். பல வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. வீரபத்திரன் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். திட்டு வாங்குகிற மனுஷன் மாதிரியே இல்லை. வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று.

"பையில என்னாடா தம்பி?" என்று அன்னம்மா கேட்டாள்.

சிவசாமி பையைப் பின்னால் மறைத்தார். "ஒண்ணுமில்லக்கா."

"கோடிதானே? குடு பாப்போம்."

அரக்குக் கலரில் பச்சைக் கரை போட்ட சீலை. அன்னம்மா அதைத் தடவிப் பார்த்தாள். "நல்ல கலரா பாத்துத்தான் எடுத்திருக்க. நிலக்ஷி, உள்ள கூட்டிட்டுப் போ, கட்டிக்கிறேன்."

"அக்கா! அது கோடிக்கா! உசுரோட கட்டக் கூடாது!"

"செத்தப்பறம் போத்திவிட்டா, எனக்கு எடுப்பா இருக்கா இல்லையான்னு நான் எப்பிடிடா பாக்குறது?"

அவள் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது வானம் இருண்டு மழை கொட்டியது. வேன்காரன், மூடுபனியில் இறங்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டான். வேறு வழியில்லாமல், துக்கத்துக்கு இறக்கிய தகரத்தில் அவசரமாகப் போட்ட கொட்டகைக்குள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இல்லத்து அடுப்பில் ரொட்டி சுட்டு, சம்பல் இடித்தார்கள். அன்னம்மா நடுவில். ஒரு பக்கம் மூத்தவன், மறு பக்கம் இளையவன், காலடியில் பூரணி.

"அம்மா, அவன்கிட்ட சொல்லுங்க" என்றான் யோகேஸ்வரன். "எம் பெனர்ல அவன் பேரு சின்னதா போனது பிரஸ்காரன் வேலை."

"அம்மா, அவர்கிட்ட சொல்லுங்க" என்றான் விஜேந்திரன். "எம் பெனர்ல அவர் பேரு இல்லாம போனது பிரஸ்காரன் வேலை இல்ல."

அன்னம்மா ரொட்டியைப் பிய்த்து இரண்டு பேர் வாயிலும் திணித்தாள். வாய் நிறைந்திருக்கும்போது சண்டை போட முடியாது என்பது பிள்ளை பெற்றவளுக்குத் தெரியும்.

மழை விட்டுப் புறப்படும்போது, மூன்று பேரும் தனித்தனியாக வீரபத்திரனைத் தாங்கிக்குக் கீழே ஓரங்கட்டினார்கள். "அடுத்த தடவ எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்" என்றான் மூத்தவன். இளையவனும் அதையே சொன்னான். பூரணி, "எனக்கு மொதல்ல சொல்லிட்டு, அவங்களுக்கு மொதல்ல சொன்ன மாதிரி சொல்லுங்க" என்றாள். வீரபத்திரன் மூன்று பேருக்கும் முருகன் மேல் சத்தியம் பண்ணினார்.

"திட்டம் போட்டுத்தான் செஞ்சேன்" என்று நிலக்ஷியிடம் சொன்னார். "சீக்குன்னா யாரும் வர மாட்டான். மரியாத போச்சுன்னா எல்லாரும் வருவான்." தாங்கியில் பெயர் அப்படியே இருந்தது. அன்னம்மா அந்தச் சீலையை வெள்ளிக்கிழமைகளில் கட்டினாள்.

அடுத்த மழைக்காலம் வந்தபோது அவளுக்கு மறுபடியும் முடியாமல் போனது. இந்தத் தடவை மாத்திரை மாற்ற டாக்டரிடம் வேறு மாத்திரை இல்லை. "இன்னைக்கே வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நிலக்ஷி போன் போட்டாள்.

"மாமாவுக்குச் சொல்லிட்டீங்களா மிஸ்?" என்று யோகேஸ்வரன் கேட்டான். இன்னும் இல்லை என்றாள். "அப்ப பயமில்ல. கடையில சாமான் எறங்குது. ஞாயித்துக்கிழம வாறேன்."

"அந்த லொறித் தாத்தா பக்கத்துல இருக்காரா?" என்றான் விஜேந்திரன். "அவர் இருந்தா நான் நம்ப மாட்டேன் மிஸ்."

"போன தடவ அழுத தொண்டையே இன்னும் சரியாகல" என்றாள் பூரணி.

நிலக்ஷி போனைக் கொண்டுவந்து வீரபத்திரன் முன்னால் நீட்டினாள். இத்தனை காலமாக அவர் கேட்டுக் கிடைக்காதது. "நீங்க போடுங்கையா."

அவர் உடனே வாங்கவில்லை. அன்னம்மா படுத்திருந்த அறையை எட்டிப் பார்த்தார். கண் திறந்திருந்தது. ஜன்னல் வழியாக கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. போனை வாங்கி ராகலைக்குப் போட்டார்.

"யாரு, லொறிக்காரரா?" என்றார் சிவசாமி. "இப்ப என்னா? அக்கா தலை சீவிக்கிட்டு ஒக்காந்திருக்காளா?"

"இல்ல அண்ணே." வீரபத்திரன் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்குத் தலை சீவ விடல. நிலக்ஷி சீப்ப கொண்டு போனா, கையால தள்ளிட்டாங்க. மூச்சு இருக்குண்ணே. நான் பொய் சொல்லல. மூச்சு இருக்கும்போதே சொல்றேன். கேட்டையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

"நான் பஸ்ஸுக்கு நிக்க மாட்டேன்" என்றார் சிவசாமி. "வேன் புடிக்கிறேன். புள்ளைங்களுக்கு இதையே சொல்றேன்."

ஒட்சிசன் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. தலை சீவவில்லை என்றால் என்ன என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். விடியலில் அம்மா தலை சீவுகிற சத்தத்தில் கண் விழித்து வளர்ந்தவர்கள்.

அன்றைக்கு லொறி வரவில்லை, பெனர் வரவில்லை. பூரணி முதலில் வந்துவிட்டாள். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று நினைக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. அவள் சீப்பை எடுத்தபோது அன்னம்மா தள்ளவில்லை. அப்புறம் யோகேஸ்வரன் வந்தான். கொழும்பு ரோட்டில் எப்படித்தான் பறந்தானோ, பொழுது சாய்வதற்குள் விஜேந்திரனும் வந்துவிட்டான். பால் ஊற்றக் கரண்டியை எடுத்தார்கள். யார் முதலில் என்று ஒரு கணம் இரண்டு பேரும் தயங்கினார்கள். அந்த நேரத்திலும். பிறகு இரண்டு பேரும் ஒரே கரண்டியைப் பிடித்தார்கள். பாதி சிந்தியது, பாதி உள்ளே போனது. மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அன்னம்மா சொன்னபடியே போய்விட்டாள்.

சிவசாமி கொண்டுவந்திருந்த கோடியும் அரக்குக் கலர்தான், பச்சைக் கரைதான். அவளுக்கு எடுப்பாக இருக்கும் என்று அவளே கட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பிரேதம் எடுக்கிற அன்று ஒரே பெனர் வந்தது. பெயர்களை அவள் படத்தைச் சுற்றி வட்டமாக அடித்திருந்தார்கள். எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்படியும் யோகேஸ்வரன், தப்பு அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் வீரபத்திரன் காதில் வந்து சொன்னான்: "இருந்தாலும் எனக்குத்தான் கடைசியா சேதி வந்துச்சு."

எல்லாம் முடிந்து கொட்டகை பிரித்த பிறகு, வீரபத்திரன் நிலக்ஷியின் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நான் போட்டா வராத ஆள் இல்லன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்கையா." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஒங்களுக்கு ஏதாச்சும்னா மகன்மாருக்கு நான் எப்பிடிச் சொல்றது?"

"எனக்கு என்னா வரப் போகுது? நான் மேற்பார்வைக்கு வந்தவன்." வழுக்கைத் தலையைத் தடவினார். "சீவுறதுக்கு எனக்குத் தலையில முடியும் இல்ல. ஒண்ணு செய். காலைல நான் வந்து ஒன்கூட சண்ட புடிக்கலன்னா, அன்னைக்குப் போன எடு. கனடாக்காரனுக்கு மொதல்ல போடாத. சின்னவனுக்குப் போட்டு, பெரியவனுக்கு இன்னும் சொல்லலன்னு சொல்லு. பெரியவனுக்குப் போட்டு, சின்னவனுக்குத் தெரியும்னு சொல்லு. ரெண்டு பேரும் வந்துருவானுங்க."

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வீரபத்திரன் ஆள் எண்ணியபோது தட்டுக் கணக்கு சரியாக வந்தது.

மறுநாள் விடிந்ததும் குசினிப் பக்கமிருந்து பெரும் சத்தம். பிளேன்டியில் சீனி இல்லையாம், தாங்கி மூடியை யாரோ சரியாகப் போடவில்லையாம், இந்த இல்லத்தைத் தான் ஒருவன் இல்லாவிட்டால் மூன்று நாளில் மூடிவிடுவார்களாம். நிலக்ஷி மேசையில் இருந்த போனைப் பார்த்தாள். அதை எடுக்காமல், சீனிப் போத்தலை எடுத்துக்கொண்டு போனாள்.